இருபுறக் கூலி

விடியுமுன் கடலேகிய விசைப்படகுகள் இரவில் ஒவ்வொன்றாய்த் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை அடையும் வேளையில் அங்குச் சென்று நிற்பவர் ஒரு காட்சியைத் தவறாது காண்பர். மீனும் இறாலும் நண்டும் பெட்டி பெட்டியாய் இறக்கப்படும். வாங்குவோர் சூழ்ந்து நிற்பர். நடுவே ஒருவர் நின்று விலை கூவுவார். அவர் படகுக்காரரும் அல்லர், மீன் வாங்குபவரும் அல்லர், தரகர். விற்ற தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கழிவு உண்டு. விலை ஏறினாற் கழிவும் ஏறும் ஆகையால், அவர் படகுக்காரரின் பக்கமே நிற்பார் என்று முதற்பார்வையில் தோன்றும். யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

சற்று நின்று விசாரித்தால் வேறொன்று புலப்படும். வலை வாங்கவும் எஞ்சின் பழுதுபார்க்கவும் படகுக்காரர் பணமின்றித் தவிக்கும்போது முன்பணம் கொடுத்து உதவுபவர் பெரும்பாலும் இத்தரகரே. அப்பணத்திற்கு வட்டி இல்லை என்பது பலவிடங்களிற் பெருமையாகப் பேசப்படுவது. வட்டிக்கு ஈடாகக் கேட்கப்படுவது யாதெனின், கடன் தீருமட்டும் பிடித்த மீன் அனைத்தையும் அவர் வழியாகவே விற்றல் வேண்டும் என்பதாம். இப்பொழுது அவர் யார்? விற்பவருக்காகப் பேசுபவர், விற்பவருக்கே கடன் கொடுத்தவர், அதனோடு, நாள்தோறும் தம்மிடம் வந்து வாங்கும் வியாபாரிகளின் நல்லெண்ணத்தால் வாழ்பவர். மூன்று உறவும் ஒரே மனிதரிடத்துக் கூடியிருக்க, விலை கூவும் அவ்வொரு நொடியில் அவர் யாருடைய குரலிற் கூவுகிறார் என்பது அவருக்கே தெரியுமோ, அறியோம்.

இந்நிலையைச் சட்டநூல் வல்லார் நலமுரண் என்பர். ஒருவனுக்காகப் பேசக் கடமைப்பட்டவனுக்கு, அவனுடைய நலத்திற்கு மாறான வேறொரு நலமும் உடனிருத்தல் என்பது இதன் பொருள். யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது விளையாட்டு முகவர்களிடத்துக் காணப்படும் நலமுரணை. அதிலும் முதன்முதலாக ஒப்பந்தம் எழுதப்போகும் இளைய கால்பந்தாட்டக்காரனுக்காகப் பேசுபவரின் நிலையை. பந்தாட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர் மீன் ஏலத்திற் புகுந்தது என்னை என்று வினவுவார்க்கு, இரண்டும் ஒரே முடிச்சு என்பதும், அம்முடிச்சை நம் கடற்கரையார் நெடுங்காலமாக அறிவர் என்பதுமே விடை.

தமிழ் பயிலும் எமக்கு இது இலக்கியத்திலும் புதிதன்று. தொல்காப்பியக் கற்பியல், ஊடலிற் பிரிந்த தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது நடக்கும் வாயில்களை எண்ணுமிடத்துத் தோழியையும் பாணனையும் ஒருங்கு வைத்து எண்ணுகின்றது. இருவர் செயலும் ஒன்றே. இருவரும் இடைநின்று பேசுவோர். ஆயினும் சங்கச் செய்யுட்களிற் தோழியின் சொல் நம்பப்படுகின்றது. பாணன் வந்தாலோ வாயில் மறுக்கப்படுகின்றது. ஐங்குறுநூற்று நெய்தற் பகுதியில் அம்மூவனார் 'பாணற்கு உரைத்த பத்து' என்றே தனியாக ஒரு பத்துப் பாடியிருக்கின்றார். பாணனிடத்து இவ்வளவு ஐயம் எதன்பொருட்டு? அவன் பொய்யன் என்பதனாலன்று. அவன் தலைவனுடைய பரிசிலால் உண்பவன். நாளையும் அவ்வாசலிலேதான் நிற்க வேண்டியவன். தலைவியின் துயரை உள்ளபடி எடுத்துச் சொல்லித் தலைவனை வருத்துவதால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. தோழிக்கோ தலைவியின் வாழ்வன்றி வேறு வாழ்வில்லை. பாட்டைப் படிக்குங்கால் நாம் பாணனுடைய குணத்தை இகழ்ந்துவிட்டு மேற்செல்கிறோம். புலவர்கள் சுட்டியது குணத்தையன்று, அவன் நின்ற இடத்தையே என்று எமக்குத் தோன்றுகின்றது.

இவ்வேறுபாட்டை மனத்துட்கொண்டு இம்முத்துக்கரையின் பழங்கதைகள் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது, கிறிஸ்தவராகிய நாம் கூசாமற் பார்க்கவேண்டியது. 1530களிற் பரதவர், முத்துக்குளிப்பின் உரிமை பற்றிய பகையால் நெருக்குண்டிருந்த காலத்து, போர்த்துகேசியரின் துணையை நாடுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறி, அவர்தம் தலைவர்களைக் கொச்சிக்கு வழிகாட்டியவர் ஜுவாம் த குரூஸ் என்பவர். மலையாளக் கரையைச் சேர்ந்த இவர் 1513இற் சாமூதிரியால் போர்த்துகலுக்கு அனுப்பப்பட்டு ஆங்கே ஞானஸ்நானம் பெற்றவர். தொழில் குதிரை வாணிபம். குதிரைகள் வந்ததோ போர்த்துகேசியர் ஆண்ட கடல் வழியே. அவர்களுடைய தயவின்றி அவருக்குத் தொழிலில்லை. பரதவர்க்காகப் பேசச் சென்ற தூதர், எதிர்த்தரப்பாரின் தயவை வேண்டி நின்ற வணிகராகவும் இருந்தார். பேச்சின் முடிவில் பரதவர்க்குப் பாதுகாப்புக் கிடைத்தது. 1536, 1537ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். முத்துச் சலாபத்தின்மீது போர்த்துகேசியர் கை ஓங்கிற்று. இதனினும் நல்ல உடன்படிக்கை வாய்த்திருக்குமோ என்பதை இன்று யார் கூறவல்லார்? சவேரியார் 1542இல் வந்து கண்ட சபை இவ்வாறு தோன்றியதே. அந்தச் சபையின் வழிவந்த விசுவாசத்தை யாம் சிறிதும் குறைத்துக் கூறவில்லை. ஆனால் தூது சென்றவருடைய கணக்கில் வேறொரு பத்தியும் இருந்தது என்பதை மறைப்பதும் உண்மைக்கு அழகன்று.

இரண்டாவது, சாதித்தலைவர் என வழங்கப்பெற்ற பரதவர் தலைமையைப் பற்றியது. போர்த்துகேசியரும், 1658இல் அவர்களிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், 1825இல் நிலையாக உரிமை பெற்ற ஆங்கிலேயரும் இத்தலைமை வழியாகவே குளிப்போருடன் பேசினர். தலைவருக்குச் சிறப்புக்களும் முத்துக்குளிப்பில் ஒரு பங்கும் அரசினரால் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. ஆங்கிலேயர் காலத்தும் சில படகுகளின் பயன் அவருக்கென்று விடப்பட்டது. ஒரு கல்லுக்கு இருவராகக் குளிப்போர் மாறி மாறி மூழ்கி எடுத்த சிப்பியோ, கொட்டில் மூன்று கூறாக்கப்பட்டு, இரண்டு கூறு அரசுக்கும் ஒரு கூறு குளித்தோருக்கும் போயிற்று. அவ்வொரு கூறு ஒன்றரையாக வேண்டும் என்று அரசினரிடம் வழக்காட வேண்டியவர் யார்? தலைவரே. தலைவரின் பங்கை உறுதி செய்பவர் யார்? அவ்வரசினரே. பல தலைவர்கள் தம் மக்களுக்காகத் துணிந்து பேசியிருப்பர். அவர்தம் நேர்மையை யாம் ஐயுறவில்லை. அவர்களை அந்த இடத்தில் நிறுத்திய ஏற்பாட்டையே ஐயுறுகிறோம். (சுறாவை வாய்கட்டும் கடல்கட்டி என்பவரும் நினைவுக்கு வருகின்றார். கடலில் அச்சமில்லை என்று அவர் கூறினாலன்றிக் குளிப்போர் இறங்கார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததோ, குளிப்போர் இறங்கவேண்டும் என்று விரும்பிய அரசு!) தூத்துக்குடிக் கடலிற் பெரும் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று, அவ்வேற்பாடுகளும் ஏட்டளவாயின.

இனிப் பந்தாட்டத்திற்கு வருவோம். இம்முரணை நீதிமன்றமே விரித்துரைத்த வழக்கொன்று அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டார் கால்பந்து என்று வழங்குவது பெரும்பாலும் கையாற் பந்தைக் கொண்டோடும் வேறோர் ஆட்டம். ஒப்பந்த முறையை ஆராயும் நமக்கு அதனாற் குறையில்லை. டெட்ராய்ட் லயன்ஸ் என்னும் அணி 1980இல் முதல் தேர்வாக எடுத்துக்கொண்ட பில்லி சிம்ஸ் என்பவருக்கு ஜெரி ஆர்கோவிட்ஸ் முகவராயிருந்தார். இவர் முன்னர்ப் பல் மருத்துவர். 1983இல் சிம்ஸின் புதிய ஒப்பந்தம் பற்றி லயன்ஸ் அணியுடன் பேசிக்கொண்டிருந்தபொழுதே, போட்டியாக எழுந்த புதிய சம்மேளனத்தில் ஹூஸ்டன் கேம்பிளர்ஸ் என்னும் அணியைத் தாமே தொடங்கினார். அவ்வணியில் நூற்றுக்கு 29 பங்கு அவருடையது; தலைவரும் அவரே. பின்பு அவ்வணிக்கே சிம்ஸை 35 இலட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்வித்தார். விற்பவனுக்காகப் பேசியவரும் வாங்கியவரும் ஒருவரே என்றாயிற்று!

இங்குக் கவனித்தற்குரியது, அவர் செய்ததைக் காட்டிலும் செய்யாது விட்டதேயாம். கேம்பிளர்ஸ் இவ்வளவு தர முன்வந்திருக்கிறது, நீங்கள் அதற்குமேல் தருவீர்களா என்று லயன்ஸ் அணியை ஒருமுறை கேட்டிருத்தல் வேண்டும். வேறு எந்த முகவரும் முதலிற் செய்யும் காரியம் அது. அவர் கேட்கவில்லை. கேட்டு விலை ஏறியிருந்தால் சிம்ஸுக்கு இலாபம். கேம்பிளர்ஸ் உரிமையாளருக்கோ இழப்பு. பின்னர், தம்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று சிம்ஸிடம் ஒரு விடுதலைச் சீட்டும் எழுதி வாங்கினார். அதனைப் படித்துப் பார்த்துச் சொல்லச் சிம்ஸின் பக்கத்தில் வேறு வழக்கறிஞர் இல்லை. 1984இல் நீதிமன்றம் அவ்வொப்பந்தத்தைத் தள்ளிவிட்டது. முகவருக்கு அவ்வணியிற் பங்கு உண்டு என்று ஆட்டக்காரர் பொதுப்படத் தெரிந்திருந்தது போதாது. அப்பங்கு எவ்வளவு, அதனால் தமக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பனவெல்லாம் முழுதும் விளங்கிய பின்னரே அவருடைய சம்மதம் சம்மதமாகும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆர்கோவிட்ஸின் செயல் எவர்க்கும் தெரியும் பெரும்பிழை. எமக்கு அதனினும் அச்சம் தருவது ஒருவர்க்கும் தெரியாத சிறுபிழை. ஒரு கணக்கைப் பாருங்கள். பத்தொன்பது வயது இளைஞனுக்கு ஓர் அணி ஆண்டுக்கு 10 இலட்ச ரூபாய் தர இசைகின்றது. முகவருடைய கூலி நூற்றுக்கு 5 என வைத்துக்கொண்டால் அவருக்கு 50,000 ரூபாய். இன்னும் இரண்டு வாரம் விடாது பேசினால் 11 இலட்சம் கிடைக்கும். அதனால் இளைஞனுக்கு மேலும் 1,00,000 ரூபாய். முகவருக்கு மேலும் 5,000 ரூபாய். அந்த 5,000 ரூபாயின் பொருட்டு, தம்முடைய வேறு ஆட்டக்காரர் பதின்மரை நாளை ஏற்கவேண்டிய அணிச் செயலாளரைப் பகைத்துக்கொள்வாரோ? இளைஞன் ஒருமுறை வருகின்றான். அணி என்றும் அங்கேயே இருக்கின்றது. ஒருவரும் கைக்கூலி வாங்கவில்லை, ஒருவரும் பொய் சொல்லவில்லை. எனினும் இளைஞனுக்கு ஓர் இலட்சம் போயிற்று. துறைமுகத்து ஏலத்தில் நூற்றுக் கழிவு படகுக்காரரைக் காவாததும் இக்கணக்கினாலேயே.

முன்பணத்தின் வேலையும் இங்கு உண்டு. அமெரிக்காவில் கல்லூரி ஆட்டத்தினின்று சம்பள ஆட்டத்திற்குப் போகும் இளைஞர், அணிகள் தேர்வு செய்யும் நாளுக்கு முன் சில மாதம் தனிப்பயிற்சி பெறுவர். உறைவிடம், உணவு, பயிற்சி ஆகியவற்றின் செலவை முகவர்களே முன்னின்று ஏற்பது வழக்கமாகிவிட்டது. அவருள் நல்லவர் பலர் உண்மையான உதவியாகவே செய்கின்றனர். ஆயினும் செலவை ஏற்றவர் சொல்லை மறுத்தற்கு இளைஞனுக்கு நா எழுமோ? நம் கரையில் எழுவதில்லை.

நம் நாட்டில் இவ்வினா கிரிக்கெட்டின் வழியாகவே பலர் செவிக்கு எட்டியது. நம் அண்டையிலுள்ள தாழையூத்துச் சங்கர்நகரில் ஆலை நடத்திய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை நடத்தியபொழுது, அந்நிறுவன நிர்வாக இயக்குநர் என். சீனிவாசனே இந்தியக் கிரிக்கெட் வாரியத்திற்கும் தலைவராயிருந்தார். வாரிய நிர்வாகிகள் அத்தகைய வாணிப நலன் கொள்ள இடந்தந்த விதித்திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015 சனவரி 22ஆம் நாள் செல்லாதாக்கிற்று. 2013இலோ, அவ்வணித் தலைவர் தோனிக்கு ரித்தி ஸ்போர்ட்ஸ் என்னும் முகவர் நிறுவனத்தில் நூற்றுக்கு 15 பங்கு உண்டு என்றும், உடன் ஆடும் சிலருக்கும் அந்நிறுவனமே முகவர் என்றும் செய்தித்தாள்கள் வெளியிட்டன. வரவேண்டிய தொகைக்கு ஈடாகச் சில நாள் மட்டும் இருந்த பங்கு அது என்றும், ஏப்ரலிலேயே திரும்பப் பெறப்பட்டது என்றும் நிறுவனத்தார் விளக்கினர். அவ்விளக்கத்தை மறுக்க எமக்குக் காரணமில்லை. அணியில் யார் ஆடுவது என்று சொல்லும் இடத்தில் இருப்பவருக்கு, ஆடுவோரின் வருவாயிற் பங்கிருக்கலாமா என்னும் வினா மட்டும், கேட்டதனால் நன்மையே பயந்தது.

உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபா, முகவர்க்கென வகுத்த விதிகள் 2023இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி முகவராவோர் தேர்வெழுதி உரிமம் பெறல் வேண்டும். ஆட்டக்காரனுடன் செய்யும் உடன்படிக்கை இரண்டு ஆண்டுக்கு மேற்படலாகாது. கையெழுத்துக்கு முன், வேறு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுமாறு முகவரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். வயது நிரம்பாதவரை அணுகுதற்கும் வரம்பு உண்டு. ஆட்டக்காரனையும் விற்கும் அணியையும் ஒருவரே சார்ந்து பேசுதல் கூடாது. அவனையும் வாங்கும் அணியையும் சார்ந்து பேசலாம், இருவரும் முன்னரே எழுத்தில் இசைந்தால் மட்டும். இவ்விறுதி விலக்கு எமக்கு உடன்பாடன்று. முதல் ஒப்பந்தம் எழுதும் இளைஞனுக்கு நேர் எதிரே அமர்ந்திருப்பது வாங்கும் அணியே அன்றோ? அங்கே இருபுறக் கூலிக்கு இடங்கொடுத்துவிட்டு வேறிடத்தில் கதவடைத்து என் பயன்? வறிய வீட்டு இளைஞனின் எழுத்துச் சம்மதம் எத்தனை எளிதிற் கிடைக்கும் என்பதைச் சிம்ஸின் விடுதலைச் சீட்டே காட்டுகின்றது. அவரோ பேர்பெற்ற ஆட்டக்காரர். இவ்விதிகளுட் கூலி வரம்பு முதலாய சில, ஐரோப்பிய வழக்குகளின் பொருட்டு 2023ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டன என்பதும் அறியத்தக்கது.

விதியால் மனிதனைத் திருத்துவதைவிட, அவன் நிற்கும் இடத்தை மாற்றுவதே பயன்படும் என்பதற்கு எம்மிடம் இரண்டு சான்றுகள் உள. அமெரிக்கச் சம்மேளனத்தில் 2011இல் ஆட்டக்காரர் சங்கமும் உரிமையாளரும் கூடிப் புதியவர்க்குச் சம்பள அளவு வகுத்தனர். எத்தனையாவது தேர்வோ அதற்கேற்ற தொகை என்று ஏறக்குறைய முடிவாயிற்று. 2010இன் முதல் தேர்வு ஆறாண்டுக்கு 7 கோடியே 80 இலட்சம் டாலர் வரை ஒப்பந்தம் பெற, 2011இன் முதல் தேர்வு நான்காண்டுக்கு 2 கோடியே 20 இலட்சமே பெற்றார். முகவர் விட்டுக்கொடுத்தற்கும் இடமில்லை. ஆனால் புதியவரின் பெருந்தொகையும் சுருங்கிற்று. சங்கத்தில் வாக்குரிமை உடையோர் பழைய ஆட்டக்காரர். இன்னும் வந்து சேராத இளைஞர்க்கு ஆங்கு வாக்கில்லை. ஆகவே சங்கமும் ஒருவகைத் தரகரே என்று எம் நண்பர் ஒருவர் கூறுவதை மறுக்க இயலவில்லை.

மற்றொன்று அண்மையிலுள்ளது. திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டில் மீனவர்கள் தாமே சங்கம் கூடித் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டனர். 1980இல் எழுந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பின் வழியாக அம்முறை கன்னியாகுமரிக் கரைகளிலும் பரவிற்று. ஆங்கே விலை கூவுபவர் சங்கத்தின் சம்பளக்காரர். கடனும் சங்கத்தின் வழியே. கூவுபவர் ஒருவர், கடன் கொடுப்பவர் மற்றொருவர் என்று பிரித்துவிட்டமையே அங்கு நிகழ்ந்த மாற்றம். நல்மேய்ப்பனுக்கும் கூலியாளுக்கும் உள்ள வேறுபாட்டை ஆண்டவர் உரைத்த உவமையில் நாம் பலகாற் கேட்டிருக்கிறோம். அம்மீனவர்கள் நல்மேய்ப்பனைத் தேடி அலையவில்லை. கூலியாளையே வைத்துக்கொண்டு, கூலி கொடுக்கும் கையைத் தங்கள் கையாக்கிக்கொண்டனர்.

இவற்றையெல்லாம் யாம் தேடிப் படிக்க நேர்ந்தது ஒரு தாளினால். எம் தோழர் ஒருவர், இடங்காலாற் பந்தை உதைப்பதில் வல்லவர், சென்ற பருவத்தில் ஒரு முகவர் கொடுத்த உடன்படிக்கையைக் கொணர்ந்து, ஆங்கிலத்தில் உள்ளது, படித்துப் பொருள் சொல்லுங்கள் என்றார். அவர் தந்தை தெரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருப்பவர். யாம் மூவர் அமர்ந்து அகராதியுடன் படித்தோம். ஐந்து ஆண்டுக் கட்டுப்பாடு. பூட்ஸுக்கும் வெளியூர்த் தேர்வாட்டச் செலவுக்கும் முகவர் கொடுக்கும் தொகை கடனாகும் என்பது. ஒன்பதாம் பிரிவில், எவ்வணியினிடமிருந்தும் முகவர் தனியே கூலி பெறலாம் என்று ஒரு வரி. மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் அத்தாளைத் தமிழாக்கிப் படித்துக் காட்டினோம். தந்தை இடையில் ஒன்றும் பேசாது கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "தம்பி, முன்பணம் எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்று ஒன்றே கேட்டார். சொன்னோம். அவர் எழுந்து வள்ளத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

எவ்வணிகளிடம் கூலி பெறுகின்றீர், எவ்வளவு, அதே இடத்திற்கு நும்முடைய ஆட்டக்காரர் வேறு யாரேனும் உளரா என மூன்று வினாக்களை எழுதித் தோழர் முகவருக்கு அனுப்பியிருக்கின்றார். இதனை எழுதும் நாள்வரை விடை வரவில்லை. தாள் கையெழுத்தின்றி எம் அகராதியினுள் இருக்கின்றது.